மீனம்பாக்கத்தில் போனைத் தூக்குவதற்கு முன்

சென்னையிலிருந்து திரும்பும் நாளில், பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு வந்ததும் போனை டிரேயில் போட்டுவிடுங்கள். அங்கே யாரையும் படம் எடுக்காதீர்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள். எத்தனை கிலோ, ஊறுகாயை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புரியாது. அங்கே விமான நிலையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் சோதனைச் சாவடியில் படம் எடுக்கத் தடை இல்லை. சோதனைக்கு இடைஞ்சலாக நிற்கக் கூடாது, எக்ஸ்ரே திரையைப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். என் மகள் இதைப் பள்ளியிலேயே தெரிந்துகொண்டவள். ஆனால் அந்த உரிமையும் அவள் நினைக்கிற அளவுக்குக் கெட்டியானதல்ல. 2009ல் ஆல்புகெர்க்கி விமான நிலையத்தில் சோதனைச் சாவடியில் படம் எடுத்த ஃபில் மோசெக் என்ற பயணி கைதானார். 2011ல் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவர் பதிலுக்குப் போட்ட வழக்கு 2015ல் மேல்முறையீட்டில் தோற்றது. சோதனைச் சாவடியில் படமெடுக்கும் உரிமை அப்போது தெளிவாக நிலைநாட்டப்பட்டிருக்கவில்லை என்றது நீதிமன்றம்.

இந்தியாவில் நிலைமை இன்னும் கடினம். 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 13ஆவது விதி, அரசு விமான நிலையத்தில் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்கிறது. சில இடங்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு உண்டு. அதனால்தான் வாசலில் நின்று குடும்பத்தோடு படம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. சோதனைக் கூடம் அப்படியல்ல. அங்கே நிற்பவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர். 1999ன் காந்தகார் விமானக் கடத்தலுக்குப் பிறகு, 2000லிருந்து ஒவ்வொரு விமான நிலையமாக அவர்கள் கைக்கு வந்தது. உங்கள் கேமரா அவர்களுக்கு உரிமையாகத் தெரியாது, ஆபத்தாகத்தான் தெரியும்.

இந்த முறை அம்மாவை எங்களோடு நியூஜெர்சிக்கு அழைத்து வந்தோம். முழங்கால் அறுவை செய்தவர், சக்கர நாற்காலியில் வந்தார். காலில் உலோகம் இருப்பதால் கருவி கத்தியது. அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பி, ஒரு பெண் காவலர் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அவர் பொறுமையாகத்தான் நடந்துகொண்டார், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பாட்டியை எழுப்பி நிறுத்தியதைப் பார்த்த என் மகள் அதை வீடியோ எடுத்து, அந்த நொடியே குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டாள். வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்றிருந்த மாமா, உள்ளே நடப்பதை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தார்.

அதிகாரி வந்து அழிக்கச் சொன்னார். மகள் முதலில் உரிமை பேசினாள், பிறகு முகம் வாடி அழித்தாள், குழுவிலிருந்தும் எடுத்தாள். அதற்குள் மாமா அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி, ஸ்டேட்டஸிலும் வைத்துவிட்டார். வைத்ததைக் குழுவில் எழுதியும் இருந்தார். அதையும் எடுக்கச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

போன் போட்டேன்.

"எதுக்குடா எடுக்கணும்? போலீஸ் ஸ்டேஷன்லயே வீடியோ எடுக்கலாம்னு கோர்ட் தீர்ப்பு சொல்லியிருக்கு. உன் அம்மாவை நிக்க வச்சுட்டாங்க, நீ அவங்களுக்குப் பரிஞ்சு பேசுறியா?"

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பவர். அவர் சொன்ன தீர்ப்பு உண்மைதான். 2022ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, 1923ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டத்தின்படி காவல் நிலையம் 'தடைசெய்யப்பட்ட இடம்' ஆகாது என்றது. அது காவல் நிலையத்தைப் பற்றியது. விமான நிலையத்துக்கு 13ஆவது விதி தனியாக இருக்கிறது. சோதனை நடக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்று புது சட்டம் சொல்கிறதே என்று வேறு சிலர் கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 105ஆவது பிரிவு, போலீசார் தேடுதலையும் பறிமுதலையும் பதிவு செய்யவேண்டும் என்று அவர்களுக்கு இட்ட கடமை. பயணிக்குக் கொடுத்த உரிமை அல்ல.

இதையெல்லாம் போனில் விளக்க முடியுமா? வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, போர்டிங் அறிவிப்பு கேட்டது, மாமா குரலை உயர்த்திக்கொண்டே போனார். அவர்மேல் கோபப்படவும் எனக்கு மனமில்லை. நான் அமெரிக்காவில் இருந்த வருஷங்களில் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அவர். நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழுக்காக வங்கியில் உட்கார்ந்திருந்தவரும் அவர். நங்கநல்லூர் வீட்டுக்கு ஞாயிறுதோறும் மீன் வாங்கி வந்தவரும் அவர்தான். மகன் செய்திருக்க வேண்டியதைத் தம்பி செய்தார். இப்போது அந்த அக்காவையும் நான் கூட்டிப் போகிறேன், கதவுக்கு உள்ளே வந்து வழியனுப்பக்கூட அவருக்கு அனுமதி இல்லை. அவருக்கு அந்த வீடியோ வேண்டியிருந்தது.

கடைசியில் அம்மா போனை வாங்கி, "எடுத்துடு தம்பி, புள்ளைக்கு நேரமாகுது" என்றார். மாமா மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட்டார். விமானம் தப்பவில்லை.

அதிகாரி எழுதி வைத்துக்கொண்டு விட்டுவிட்டார். அப்படியே எல்லோரையும் விடுவார்கள் என்று நம்ப வேண்டாம். அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு என்று புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 221ஆவது பிரிவில் வழக்குப் போட்டால் மூன்று மாதச் சிறை வரை போகலாம், அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட்டும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருப்பவருக்கு வழக்கு என்றால் அடுத்த விசா, அடுத்த பயணம் எல்லாவற்றிலும் அது நிழலாக வரும். ஒருவேளை போலீஸ் போனைப் பறிமுதல் செய்தால் மஹஜர் என்னும் பறிமுதல் பதிவின் நகலைக் கேட்டு வாங்காமல் நகராதீர்கள்.

அப்படியானால் முறைகேடு நடந்தால் வாயை மூடிக்கொண்டு போகவேண்டுமா என்றால், கூடாது. சீருடையில் பெயர் இருக்கும், படியுங்கள். நேரத்தையும் எந்த வரிசை என்பதையும் நினைவில் வையுங்கள். பெண்களைப் பெண் காவலர்தான் தொட்டுச் சோதிக்க வேண்டும், அதுவும் மறைவில். இதைத் தைரியமாகக் கேளுங்கள். உடம்பில் உலோகம் இருந்தால் மருத்துவர் கடிதத்தோடு வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட்டால் பாதி குழப்பம் குறையும், சக்கர நாற்காலி தள்ளும் பையனிடமும் சொல்லி வையுங்கள். தலைக்கு மேலே கண்காணிப்பு கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, உங்கள் சாட்சி அதுதான். அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி விமான நிலைய இயக்குநருக்கு உடனே எழுதுங்கள், பழையதன் மேல் புதியது ஏறிவிடும். 'ஏர் சேவா' செயலியிலும், மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சி.பி.கிராம்ஸிலும் புகார் போடலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தை நம்பி இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான், ஓ.சி.ஐ. அட்டைக்காரர் மனுப் போட முடியாது, இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் வெளிநாட்டில் இருந்தாலும் போடலாம். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருப்பதால், ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தவிர மற்றதற்குப் பதில் சொல்ல அதற்குக் கடமை இல்லை. ஆகவே கேள்வியை விமான நிலைய ஆணையத்துக்கு அனுப்புங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். ஊரில் குடிமகனாக இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் பெயரில் போடுவது நல்லது. எங்கள் வீட்டில் அதற்குச் சரியான ஆள் மாமாதான்.

வழியனுப்புவதை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் வரை வந்தே தீருவோம் என்பவர்களிடம், சோதனை எல்லாம் முடிந்து கேட் அருகே உட்கார்ந்த பிறகு வீடியோ கால் போடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னபடி போடவும் செய்யுங்கள்.