பாரீஸ் பெட்டியில் கருவாடு ஏறும், நெய் ஏறாது

போன வருடம் புதுச்சேரியிலிருந்து மகள் வீட்டுக்கு பாரீஸ் போனபோது, வீட்டில் உருக்கிய நெய்யைச் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். மணல் மணலாக உறைந்திருந்த நெய், மனசே ஆறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருள்களைப் பயணிகள் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. கைக்குழந்தைக்கான பால் பவுடர், பிரிக்காத டப்பாவாக, 2 கிலோ வரை போகலாம்.

பச்சைக் கறிவேப்பிலைக்கு, பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பேசாமல் காயவைத்துப் பொடியாக்கிவிடுங்கள். பச்சையாக வேண்டுமென்றால் அங்கேயே லா ஷாப்பெல் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். தேங்காய், வாழைப்பழத்துக்குச் சான்றிதழ் தேவையில்லை.

சரி, கருவாடு? தாராளமாக. மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. கடலூர் நெத்திலியை நன்றாக வெயிலில் காட்டி, மூன்று கவரில் போட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பெட்டியில் இருக்கும் புடவையெல்லாம் மணக்கும்.