எக்ஸ்க்ளூசிவ் ஃபிகர் ஏன் நம் ஊருக்கு வருவதில்லை? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஃபிகர், அதாவது அனிமே, காமிக்ஸ், சினிமா கதாபாத்திர பொம்மை, சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: காசு இருக்கிறது, கடையில் சரக்கும் இருக்கிறது, முகவரி போட்டதும் "உங்கள் நாட்டுக்கு அனுப்ப முடியாது" என்று ஏன் வருகிறது? இப்படி ஒரு நாட்டிலோ, கடையிலோ, விழாவிலோ மட்டும் விற்பதுதான் எக்ஸ்க்ளூசிவ். பல நேரம் இதற்குக் காரணம் லைசன்ஸ் ஒப்பந்தம்தான். கொஞ்சம் பழகினால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: பெட்டியின் அடிப்பக்கத்தைப் படியுங்கள்

வட்டத்துக்குள் 'சி' போட்ட வரியில் இருப்பவர்தான் அந்தக் கதாபாத்திரத்தின் உரிமையாளர். ஃபிகர் செய்யும் கம்பெனி அவரிடம் பணம் கட்டி அனுமதி வாங்குகிறது. எந்தப் பாத்திரம், எத்தனை வருடம், எந்தெந்த நாடு என்பதெல்லாம் அந்த அனுமதியில் இருக்கும். சினிமா விநியோகம் மாதிரிதான். தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஏரியா. அதை வாங்கியவர் கோவையில் படம் ஓட்ட முடியாது.

மேக்ராஸ் கதையைக் கேட்டால் இது நன்றாகப் புரியும். 1982ல் ஜப்பானில் வந்த அனிமே தொடர் அது. அதோடு வேறு இரண்டு தொடர்களைச் சேர்த்து, ஹார்மனி கோல்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 1985ல் ரோபோடெக் என்று வெளியிட்டது. ஜப்பானுக்கு வெளியே உரிமை யாருக்கு என்று பல வருடம் இழுபறி. ஜப்பானில் அருமையான மேக்ராஸ் விமான பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன; வெளிநாட்டு ரசிகர்களுக்கு முறைப்படி கிடைப்பதுதான் பெரும்பாடு. 2021 ஏப்ரலில் மேக்ராஸின் ஜப்பானிய உரிமையாளரான பிக்வெஸ்ட்டும் ஹார்மனி கோல்டும் உடன்பாட்டை அறிவித்த பிறகே வழி திறந்தது.

படி 2: எந்த வகை எக்ஸ்க்ளூசிவ் என்று பாருங்கள்

எல்லாமே லைசன்ஸ் தடை இல்லை. சான் டியாகோ காமிக்கான் என்ற அமெரிக்க காமிக்ஸ் விழாவில் விற்கும் ஃபன்கோ பாப் (பெரிய தலை வைத்த குட்டி பொம்மை) சில, அதே பொம்மையாக வேறு ஸ்டிக்கரோடு கடைகளுக்கும் வரும். பொம்மைதான் வேண்டும் என்றால் விழா ஸ்டிக்கருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பண்டாய் என்ற ஜப்பானிய பொம்மை கம்பெனியின் சொந்த ஆன்லைன் கடையான ப்ரீமியம் பண்டாய் வேறு வகை. பகுதிக்குப் பகுதி தனிக் கடை, தனிப் பட்டியல்.

படி 3: ப்ராக்ஸி வழியை யோசித்து எடுங்கள்

பையீ, சென்மார்க்கெட் போன்ற சேவைகள் ஜப்பான் முகவரியில் வாங்கி உங்களுக்கு அனுப்பிவைக்கும். லைசன்ஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது கம்பெனியையும் விநியோகஸ்தரையும்தான். தனக்கென்று ஒன்று வாங்குபவரை அல்ல. ஆனால் பொம்மையின் கை உடைந்து வந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், பார்சலில் 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லாதீர்கள். அது பொய், பலனும் இல்லை. 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. பொம்மை விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கஸ்டம்ஸ் வரி கணக்கிடுவார்கள். அந்தத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டே ஆர்டர் போடுங்கள்.

படி 4: போலியைத் தள்ளுங்கள்

முறைப்படி வராத பொம்மைக்குத்தான் போலி அதிகம். பாதி விலையில் புதுப்பெட்டி என்றால் அடிப்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். 'சி' போட்ட உரிமையாளர் பெயர் இல்லை என்றால் வாங்காதீர்கள். அந்தப் பெயர் இருந்தாலும், பெட்டியையும் முகத்தின் பெயின்ட்டையும் கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.