ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கொள்கை ஆய்வு மையம் தொடங்குவது எப்படி

அரசு தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தால் போதும், மற்றதை மக்கள் வாங்கி விற்றுப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறவர்கள் நம் கடற்கரையில் நிறைய பேர். தொண்டியிலும் பாம்பனிலும் மீன் ஏலம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கொள்கை, சித்தாந்தம் என்றெல்லாம் யாரும் பேச மாட்டார்கள். எந்தக் காகிதத்துக்கு எந்த ஆபீசுக்கு எத்தனை நடை என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சை ஆதாரத்தோடு எழுதிச் சட்டமன்றம் வரை கொண்டுபோக ஓர் இடம் வேண்டும். திங்க் டேங்க் என்பது அதுதான். நான்கைந்து பேர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

டெல்லியில் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். 1997 முதல் சென்டர் ஃபார் சிவில் சொசைட்டி அங்கே இயங்குகிறது, தெருவோர வியாபாரிகளுக்காக நல்ல வேலை செய்திருக்கிறார்கள், 2004 முதல் கொச்சியிலும் வேறொரு மையம் உண்டு. ஆனால் நம் பிழைப்பைத் தொடுகிற சட்டம் பெரும்பாலும் மாநிலத்தினுடையது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடி மாநிலப் பட்டியலில் வருகிறது. நிலம், ஊராட்சி, விளைபொருள் சந்தை எல்லாமே சென்னையில் முடிவாகிறவை. அமெரிக்காவில் இதைப் புரிந்துகொண்டு மாநிலத்துக்கு ஒரு மையம் என்று வளர்த்தார்கள். மிச்சிகனில் 1987-ல் தொடங்கிய மேக்கினா மையத்தில் வேலை பார்த்த ஜோசப் ஓவர்டன் சொன்ன விஷயம் நமக்கும் பொருந்தும்: மக்கள் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிற எல்லைக்குள்தான் அரசியல்வாதி முடிவெடுப்பார், ஆகவே அந்த எல்லையை நகர்த்துவதுதான் ஆய்வு மையத்தின் வேலை. ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி எந்தத் தொழிலுக்கும் அரசின் அனுமதிக்குக் காத்திருக்க வைத்த லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்யத்தை எதிர்த்தார், 1967-ல் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்தது, சில வருடங்களில் கட்சியே இல்லாமல் போனது. கட்சி தோற்றால் கருத்தும் அதோடு போய்விடக் கூடாது என்றால், அதைத் தாங்க கட்சிக்கு வெளியே ஓர் இடம் இருக்க வேண்டும்.

சரி, முதல் வேலை. மாநிலப் பொருளாதாரத்தைப் பற்றி ஐம்பது பக்க அறிக்கை எழுதி ஆரம்பிக்காதீர்கள். ஒரே ஒரு விதியை எடுங்கள்; உங்கள் ஊரில் குறைந்தது நூறு குடும்பத்தைத் தொடுகிற விதியாக இருக்கட்டும்.

உதாரணத்துக்கு ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வழியில் சங்கும் சிப்பி மாலையும் விற்பவர்களை எடுத்துக்கொள்ளலாம். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. அதன்படி நகராட்சி கணக்கெடுப்பு நடத்த வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதுவரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இதற்காக நகராட்சியில் அமைக்கும் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். புதிதாகச் சட்டம் எதுவும் கேட்க வேண்டியதில்லை, இருக்கிறதை அமல்படுத்தினாலே தரையில் துணி விரித்து விற்கிற அக்காவுக்குப் பயமில்லாத வியாபாரம் கிடைக்கும். முதல் அறிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் எனக்குத் தெரியவில்லை.

தகவல் திரட்ட மூன்று வழி உண்டு. ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது (துறையின் செலவுக்குச் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்கும் விவாதம்) வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கும், இலவசம். மீன்வளத் துறையின் குறிப்பை மட்டும் நாலைந்து வருடத்துக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்; போன வருடம் அறிவித்தது இந்த வருடம் என்ன ஆனது என்று தெரிந்துவிடும். அடுத்தது அரசுச் செலவைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கைகள். மூன்றாவது தகவல் உரிமைச் சட்டம், இதுதான் உங்கள் முக்கியக் கருவி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். ஏன் கொடுக்கவில்லை, எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்: கணக்கெடுப்புப் பதிவேட்டின் நகல், விற்பனைக் குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை கொடுத்த சான்றிதழ்களின் பட்டியல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், கணக்கெடுப்பே நடக்கவில்லை என்பதற்கு அந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சாட்சி.

அப்புறம் மனிதர்களிடம் போங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகள்: எத்தனை முறை ஆபீசுக்குப் போனீர்கள், அந்த நாள்களில் எவ்வளவு வருமானம் போனது, யாருக்காவது காசு கொடுக்க வேண்டியிருந்ததா. பெயரை எழுதாதீர்கள். ரசீதுக் கட்டணத்தைவிட இழந்த நாள்கூலிதான் பெரும்பாலும் பெரிய செலவாக இருக்கும், எந்த அரசுக் கணக்கிலும் அது வராது. அதை எண்ணி எழுதுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

இப்போது கடலுக்கு வருகிறேன், ஏனென்றால் சந்தையை நம்புகிறவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். கடலில் வேலி போட முடியாது. கட்டுப்பாடே வேண்டாம் என்று எழுதினால் நாட்டுப்படகுக்காரர் முதல் பக்கத்திலேயே தாளை மூடிவிடுவார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இங்கே கேட்க வேண்டியது கட்டுப்பாட்டை யார் வைப்பது என்பதுதான். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறையைப் பாருங்கள். சண்டை போட்டுப் பேசிப் பிறந்த ஏற்பாடு அது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களும் மாதத்தில் குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பொதுச் சொத்தை ஊராரே காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காகத்தான் எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்க அறிஞருக்கு 2009-ல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். குறைந்த அரசு என்பதை நம் கரையில் இப்படித்தான் பேச வேண்டும்.

கடல் அட்டை (கடலடியில் வாழும் உயிரினம், ஆங்கிலத்தில் சீ குக்கும்பர்) விஷயம் இன்னும் கடினம். 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துப் பிடிப்பதையும் விற்பதையும் முழுக்கத் தடை செய்தார்கள். எதிர்க்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்தும் வளர்க்கலாம். இங்கே தொழில் நிற்கவில்லை, இரவுக்கு மாறியது, சிறைக்குப் போவது கூலிக்கு மூழ்குகிறவர். அதே நேரம் அட்டை மெதுவாக வளரும் உயிர், அடியோடு அள்ளினால் திரும்ப வராது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வளர்ப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் என்ன ஆகும், பிடித்ததை வளர்த்ததென்று விற்பதை எப்படித் தடுப்பது என்று நீங்களே கேட்டு நீங்களே பதில் தேட வேண்டும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, போய் விஞ்ஞானிகளைப் பாருங்கள். உங்களோடு ஒத்துப்போகாதவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.

பணம் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். சந்தைக்கு ஆதரவு என்பது முதலாளிக்கு ஆதரவு இல்லை. மீன் ஏற்றுமதி கம்பெனியோ இறால் பண்ணையோ நன்கொடை கொடுத்துவிட்டு, போட்டிக்கு வேறு யாரும் வராதபடி ஒரு விதியைப் பரிந்துரைக்கச் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்கொடைப் பட்டியலை வருடாவருடம் வெளியிடுங்கள். வாலிநோக்கத்தில் அரசு உப்புக் கழகம் இருக்கிறதே, அரசு எதற்கு உப்பு விளைவிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதன் ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு, அங்கே வேலை பார்ப்பவர்களிடம் பேசிவிட்டுக் கேளுங்கள். படகு டீசலுக்கு வரிவிலக்கு போன்ற சலுகைகளைப் பற்றியும் ஒருநாள் எழுதித்தான் ஆக வேண்டும், நம் ஆட்களுக்கே கோபம் வரும். என் யோசனை, முதலில் அவர்கள் காலைக் கட்டியிருக்கும் விதிகளை அவிழ்க்க உதவுங்கள், நம்பிக்கை வந்தபின் சலுகையைப் பற்றிப் பேசுங்கள்.

பதிவு செய்வது சுலபம். சங்கமாக என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் வேண்டும், டிரஸ்டாகவும் செய்யலாம். வெளிநாட்டுப் பணத்துக்குத் தனி அனுமதி தேவை, தொடக்கத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் நிர்வாகத்தில் இருக்க வேண்டாம்.

அறிக்கை நான்கு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். முதல் பக்கத்திலேயே எந்த விதி, எந்தப் பிரிவு, என்ன மாற்றம் வேண்டும் என்று வந்துவிட வேண்டும். மாற்றத்தை அதிகாரி அப்படியே அரசாணையில் ஒட்டும்படி வாசகமாகவே எழுதிக் கொடுங்கள், பாதி வேலை அதிலேயே முடியும். 2024-ல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் வீடு கட்ட சுயசான்று போதும் என்று அரசே இறங்கி வந்திருக்கிறது, ஆகவே கேட்டால் நடக்காது என்று யாராவது சொன்னால் அதைக் காட்டுங்கள்.

நேரம் பார்த்து வெளியிடுவதும் முக்கியம். மானியக் கோரிக்கை விவாதத்துக்கு ஒரு மாதம் முன்பே தொகுதி எம்.எல்.ஏ. கையிலும் எதிர்க்கட்சிக்காரர் கையிலும் ஒரே நாளில் பிரதி இருக்க வேண்டும். கடலோர ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளுக்குப் பிரதிகளோடு போய்ப் படித்துக் காட்டி, ஊரார் ஒத்துக்கொண்டால் தீர்மானமாகப் போட்டு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும், உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பார்கள், அடுத்த விதியை அப்போது அவர்களிடமே கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.