படகில் எல்.இ.டி. விளக்கா? வயர்லெஸை ஒருமுறை கேளுங்கள்

கடலூர் துறைமுகத்தில் படகின் தள விளக்கை ஹாலஜனிலிருந்து எல்.இ.டி.க்கு மாற்றுவது நல்ல யோசனைதான். 12 வோல்ட் பேட்டரியில் 55 வாட் ஹாலஜன் நாலரை ஆம்பியர் இழுக்கும்; 20 வாட் எல்.இ.டி.க்கு இரண்டுகூட வேண்டாம். ஆனால் மட்டமான எல்.இ.டி.யின் டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று) படகின் வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவியில் இரைச்சலைக் கிளப்பும். 16-ஆம் சேனலில் உதவி கேட்கும் குரல் அதில் மூழ்கிவிடக்கூடும்.

கரையிலேயே சோதியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, யாரும் பேசாத சேனலில் ஸ்க்வெல்ச் (இரைச்சலை அடக்கும்) திருகை இரைச்சல் அடங்கும் இடம்வரை மட்டும் திருப்புங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். ‘சர்ர்’ என்று மீண்டும் இரைந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆன்டெனாவிலிருந்து தள்ளி மாட்டினால் ஓரளவு குறையும். நடுக்கடலில் அதை நம்ப முடியாது என்பேன்.

இது தளத்தில் வேலை பார்க்கும் வெளிச்சத்துக்கு மட்டும். எல்.இ.டி. போட்டு மீன் பிடிக்க 2017 முதல் தடை இருக்கிறது.