ஏல் பீர் காய்ச்ச பாட்டில் தண்ணீர் வேண்டாம், அரை கேம்டன் மாத்திரை போதும்

பிட்டர், மைல்டு, போர்ட்டர் என எந்த வகை ஏலானாலும் சரி, 25 லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு அரை கேம்டன் மாத்திரையை (குளோரினை நீக்கும் மெட்டாபைசல்பைட் மாத்திரை) பொடித்துப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். ஐந்து நிமிடம் விட்டு அடுப்பை மூட்டலாம். மேஷுக்கு (முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பதற்கு) மட்டுமல்ல, தானியத்தை அலசி ஊற்றும் தண்ணீருக்கும், கடைசியில் அளவு கூட்ட ஊற்றும் பச்சைத் தண்ணீருக்கும் இதே கணக்குதான். பலர் கோட்டைவிடுவது அந்தக் கடைசி இரண்டு லிட்டரில்.

குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரின், மால்ட்டிலுள்ள ஃபீனால் என்ற சேர்மத்தோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் ஆகும். வாயில் வைத்ததுமே ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாடை. எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. மாத்திரையிலுள்ள மெட்டாபைசல்பைட் அந்தக் குளோரினைத் தீங்கில்லாத குளோரைடாக மாற்றிவிடுகிறது. வெறும் குளோரின் கொதித்தாலே பறந்துவிடும். ஆனால் பிரிட்டனில் பல ஊர்க் குழாய்களில் வரும் குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) அவ்வளவு லேசில் போகாது, அதற்குத்தான் மாத்திரை.

பாட்டில் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், குளோரின் கலக்காத கிணற்றுத் தண்ணீர் என்றால் இது தேவையில்லை. லண்டனில் வருவது போன்ற சுண்ணாம்புத் தண்ணீரின் காரத்தன்மையை மாத்திரை தொடாது. வெளிர்நிற பிட்டர் போடுகிறவர்கள் அதை லாக்டிக் அமிலத்தால் தனியே சரிசெய்ய வேண்டும். பொடிக்கும்போது தூள் மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.