ரோபோ அடுக்கும் செங்கல் சுவர்: கிராஸ்ஹாப்பரில் முதல் பயிற்சி

சுவிட்சர்லாந்தின் ஃப்ளேஷ் ஊரிலுள்ள கான்டென்பைன் ஒயின் ஆலைக்காக, 2006ஆம் ஆண்டில் கிராமாசியோ – கோலர் என்ற கட்டடக் கலைஞர்களின் குழுவினர் சுமார் 20,000 செங்கற்களை ரோபோவைக் கொண்டு அடுக்கி 72 முகப்புப் பலகங்களைச் செய்தனர். கற்கள் வெவ்வேறு கோணத்தில் திரும்பி நிற்பதால், எட்ட நின்று பார்ப்பவருக்குச் சுவரில் பெரிய திராட்சைப் பழங்கள் தெரியும். அந்த வகைச் சுவரொன்றை, ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளுக்குள் கட்டளைகளை ஒன்றோடொன்று இணைத்து வரைய உதவும் கிராஸ்ஹாப்பரில் வரைவோம்.

முதலில், கிடையாக 300 மி.மீ., உயரவாக்கில் 71 மி.மீ. இடைவெளியில் புள்ளிகளை உருவாக்கி, ஒன்றுவிட்ட வரிசைகளை 150 மி.மீ. தள்ளி வையுங்கள். 240 × 115 × 71 அளவுள்ள கல்லின் கிடைமட்ட மூலைவிட்டம் 266 மி.மீ. என்பதால், எப்படித் திருப்பினாலும் அது பக்கத்துக் கல்லில் இடிக்காது.

அடுத்து, சுவருக்கு முன்னால் ஒரு புள்ளியை வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் உள்ள தூரத்தை 'ரீமேப் நம்பர்ஸ்' மூலம் 0 முதல் 25 வரையான பாகைகளாக மாற்றுங்கள்.

நான் ஒரு நாள் முழுவதையும் தொலைத்தது இதற்கடுத்த படியில்தான். பெட்டிகளை வரைந்த பிறகு 'ரொட்டேட்' கொடுத்தேன். கற்களெல்லாம் சுவரை விட்டு விசிறிபோல் சிதறின. எந்த இடத்தில், எத்திசை நோக்கி என்று சொல்வதே தளம்; 'ரொட்டேட்'டின் தள உள்ளீட்டை வெறுமனே விட்டால், எல்லாக் கற்களும் தத்தம் மையத்தை விட்டு, வரைவின் ஆதிப்புள்ளியை (0,0,0) சுற்றியே திரும்பும். கோணத்தையும் அது பாகையாக அல்லாமல் ரேடியனாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே, புள்ளிதோறும் 'எக்ஸ்ஒய் பிளேன்' வைத்து, 'ரொட்டேட் பிளேன்' கொண்டு தளத்தை முதலில் திருப்பி, கோண உள்ளீட்டில் வலது சொடுக்கி 'டிகிரீஸ்' என்று மாற்றிய பின்னரே 'சென்டர் பாக்ஸ்' போடுங்கள். அதற்குப் பாதி அளவுகளையே, அதாவது 120, 57.5, 35.5 என்று தர வேண்டும். 'ரொட்டேட்' பக்கம் நான் இப்போது போவதே இல்லை, ஏனெனில் ரோபோவுக்குத் தேவைப்படுவதும் பெட்டியன்று, இந்தத் தளங்களே.

கோணத்தை 25 பாகையோடு நிறுத்தியதற்குக் காரணம் கற்களை ஒட்டும் பசைதான். மேல்கல்லும் கீழ்க்கல்லும் நேராக இருக்கையில் ஒன்றையொன்று தொடும் பரப்பு 10,350 சதுர மி.மீ.; இரண்டும் 25 பாகை திரும்பினால் ஏறத்தாழ 5,400; 50 பாகையில் தொடுபரப்பு ஏறத்தாழ இராது.

பின்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த வாசகர் ஒருவரின் ரோபோ, காற்றால் உறிஞ்சும் பிடிப்பானைக் கல்லுக்குள் அழுத்தப் பார்த்ததாக எழுதியிருந்தார். தளம் கல்லின் நடுவில் இருக்கிறது, பிடிப்பானோ மேற்பரப்பைத் தொடுகிறது. எனவே ரோபோவுக்கு அனுப்பும்முன் தளங்களை 35.5 மி.மீ. உயர்த்திக்கொள்ளுங்கள்.