மழைக்காலத்தில் ஆபிரிக்க நத்தையிடமிருந்து வீட்டுத் தோட்டத்தைக் காப்பது

மாலையில் நன்றாக நின்ற போஞ்சிக் கன்று விடியும்போது வெறும் தண்டாக நிற்கும். செவ்வந்தி இலை ஓட்டை ஓட்டையாக இருக்கும், பப்பாசிக் கன்றின் தோல் சுரண்டப்பட்டிருக்கும். மதிலில் காய்ந்த வெள்ளிக் கோடும் தெரிந்தால் இது நத்தையின் வேலைதான். 1900 ஆம் ஆண்டளவில் இலங்கைக்குள் வந்த ஆபிரிக்கப் பெருநத்தை, இன்று வெள்ளவத்தை, தெஹிவளை வளவுகளிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது.

அடையாளம்

கூம்பு போல நீண்ட ஓடும் அதன்மேல் பழுப்புக் கோடுகளும் இருந்தால் அது ஆபிரிக்க நத்தை. மரத்தண்டில் ஒட்டியிருக்கும், அகன்று உருண்ட ஓடும் தடித்த வாய் விளிம்பும் உள்ள நத்தை அகாவஸ். அது இலங்கைக்கே உரிய இனம், உங்கள் கன்றுகளைத் தேடி வராது. அதைத் தொடாமல் விடுங்கள்.

படி 1: கையுறை

வெறுங்கையால் ஒருபோதும் எடுக்காதீர்கள். மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும் எலி நுரையீரல் புழு இந்த நத்தையில் இருக்கக்கூடும். பிள்ளைகளைத் தொடவிட வேண்டாம். தோட்டத்து வல்லாரையையும் ஒவ்வொரு இலையாகக் கழுவுங்கள், பச்சையாகச் சம்பல் போடுகிறவர்கள் முக்கியமாக.

படி 2: பொறி

பழைய சாக்கு இரண்டை நனைத்துப் பிழிந்து, உள்ளே பப்பாசி இலையும் கோவாவின் வெளி இலையும் வைத்து, மதிலோரம் ஆறு மணிக்குப் பரப்புங்கள். எட்டு, ஒன்பது மணிக்கு டோர்ச்சுடன் போய்ப் பொறுக்குங்கள். வெயில் ஏறுமுன் இன்னொரு தடவை பாருங்கள். சாக்கு காய்ந்தால் ஒன்றும் வராது.

படி 3: அழித்தல்

வாளியில் 5 லீட்டர் தண்ணீருக்கு 1 கிலோ உப்புக் கரைத்து, பிடித்தவற்றை அதில் போட்டு மூடி, மறுநாள் வரை விடுங்கள். பிறகு தண்ணீரை வடிகாலில் ஊற்றிவிட்டு, செடிகளுக்குத் தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். ஆழம் குறைந்தால் நாற்றமும் ஈயும் வரும். உப்பை மண்ணில் நேரே தூவுவதுதான் பலர் செய்வது. நத்தை சாகும், ஆனால் அந்த இடத்தில் செடியும் கருகும்.

படி 4: முட்டையும் மறைவிடமும்

ஒரு வாரம் பொறுக்கிவிட்டு நிறுத்தினால் வேலை வீணாகும். ஒரே தடவையில் நூறுக்கு மேல் முட்டையிடும் உயிர் இது. வெளிர் மஞ்சளான, மிளகளவு முட்டைகள் சில அங்குல ஆழத்தில் குவியலாகக் கிடக்கும். பூச்சாடியின் அடி, அடுக்கிய ஓடு, செங்கல், தேங்காய்ப் பொச்சுக் குவியல், ஈரமான மதிலோரம் ஆகியவற்றைக் கிளறித் தேடுங்கள், கிடைத்ததை உப்பு வாளியிலேயே போடுங்கள். புதிதாக வாங்கும் செடியின் சாடித் துளையையும் ஏற்றி வரும் மண்ணையும் பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள். பெரும்பாலும் நத்தை இப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது.

மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, காலையில் ஊற்றுங்கள். இரவில் மண் காய்ந்திருந்தால் நத்தை ஊர்வது குறையும்.

படி 5: சாடிக்கு வேலி

சாடியைச் சுற்றி இரண்டு அங்குல அகலச் செப்புப் பட்டியை இடைவெளியின்றி ஒட்டுங்கள். இலையொன்று மதிலில் முட்டினாலும் அது பாலமாகிவிடும். பட்டி பச்சை பிடித்தால் தேசிக்காயால் தேய்த்துத் துடையுங்கள். சாம்பல் வளையம் செலவில்லாதது, ஆனால் ஒரு மழைக்கே கரைந்துபோகும். கொழும்பின் ஒக்டோபர், நவம்பர் மழையில் அதை நம்ப முடியாது.

நத்தைக்கென விற்கும் மெட்டல்டிஹைட் குருணைகளை நாய், பூனை இருக்கும் வீட்டில் போடவே வேண்டாம். அவற்றைத் தின்ற நாய் வலிப்பு வந்து சாகலாம். செண்பகம் வளவுக்கு வந்தால் விரட்டாதீர்கள், அது நத்தையைத் தின்னும் பறவை.

வறட்சியில் நத்தை ஓட்டு வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஆகவே முதல் மழை விழுந்த அன்றிரவே சாக்கை விரியுங்கள், பக்கத்து வளவுக்காரரையும் அன்றே விரிக்கச் சொல்லுங்கள்.